பழைய அம்பாசிடருக்கு டைமிங் வைக்கும்போது எஞ்சினைக் கெடுக்கும் தவறுகள்

பழைய பெட்ரோல் அம்பாசிடரைத் தேடி வாங்கி, தாங்களே வேலை பார்க்கத் தொடங்குகிறவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். பானெட்டைத் திறந்ததும் பெரும்பாலும் கை போவது, பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டருக்குத்தான். ஒரு போல்ட்டைத் தளர்த்தினால் போதும், திரும்பிவிடும். கூடவே ஸ்பார்க் வரும் நேரமும், அதாவது டைமிங்கும், மாறிவிடும். வம்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பிளக் ஒயரை மாற்றிச் செருகுவது, கண்டென்சர் ஒயர் கழன்று கிடப்பது போன்றவற்றை இங்கே விட்டுவிடலாம். வண்டி ஸ்டார்ட் ஆகாது, இல்லாவிட்டால் கார்புரேட்டர் வழியாக வெடிக்கும், தானாகவே தெரிந்துவிடும். வண்டி நன்றாக ஓடுவதுபோல் காட்டிக்கொண்டே எஞ்சினைத் தின்கிற தவறுகள்தான் மோசமானவை. கீழே உள்ள கணக்கெல்லாம் இசுசு எஞ்சினுக்கு முந்தைய 1489 சிசி எஞ்சினுக்கு. ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2. ரேடியேட்டர் பக்கம் இருப்பது முதல் சிலிண்டர். மேலிருந்து பார்த்தால் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் ரோட்டார் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றும்.

காதால் டைமிங் வைப்பது

எத்தனை சொன்னாலும் போகாத பழக்கம் இது. எஞ்சினை ஐட்லிங்கில் ஓடவிட்டு, டிஸ்ட்ரிபியூட்டரை மெல்லத் திருப்பி, எந்த இடத்தில் சத்தம் சீராகி வேகம் ஏறுகிறதோ அங்கே போல்ட்டை இறுக்கிவிடுவார்கள். ஐட்லிங் ஏறிவிட்டதா, கார்புரேட்டர் ஸ்குரூவைத் திருகி இறக்கிவிடுவார்கள். வண்டி வெண்ணெய்போல் நிற்கும். பக்கத்தில் நிற்பவர் கைதட்டாத குறை.

ஐட்லிங்கில் திராட்டில் ஏறக்குறைய மூடியிருக்கும். சிலிண்டருக்குள் போகும் கலவை குறைவு, அது மெதுவாக எரியும். அதனால் ஸ்பார்க் எவ்வளவு முன்னதாக வந்தாலும் எஞ்சின் அதை விரும்பவே செய்யும். கம்பெனி கொடுத்த அளவு, பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு கிராங்க் கணக்கில் 5 டிகிரி முன்னே என்று வைத்துக்கொள்ளுங்கள். காதை நம்பித் திருப்பினால் 15 டிகிரியைத் தாண்டினாலும் சத்தத்தில் ஒரு குறையும் தெரியாது. ஆனால் ரோட்டில் வேகம் ஏறும்போது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் வெயிட்டுகள் விரிந்து, கிராங்க் கணக்கில் இன்னும் 20 டிகிரிக்கு மேல் சேர்க்கும். அடியில் வைத்த 10 டிகிரி பிழை ஒவ்வொரு வேகத்திலும் கூடவே வரும். ஐந்து பேரையும் டிக்கி நிறைய சாமானையும் ஏற்றிக்கொண்டு குன்னூர் மலைப்பாதையில் மிதிக்கும்போது பிஸ்டன் மேலே ஏறி முடிப்பதற்குள் உள்ளே அழுத்தம் உச்சத்துக்குப் போய்விடும். ஹெட் கேஸ்கெட் போகும், ரிங் பள்ளத்தின் விளிம்பு உடையும், பிஸ்டன் தலை அரித்துப் பொத்தலாகும். அரை மணி நேர வேலையைக் காதிடம் விட்டதற்கு, சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கும் ரீபோர் செலவு.

அதற்கு முன் எஞ்சின் எச்சரிக்கத்தான் செய்கிறது, வேறு பெயரில். சூடான எஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போது ஸ்டார்ட்டரை எதிர்த்து உதைக்கும். பேட்டரி வீக் என்று புது பேட்டரி வாங்குவார்கள். ஏற்றத்தில் டாப் கியரில் சில்லறை குலுக்குவதுபோல் ஒரு தட்டல் கேட்கும். டேப்பெட் சத்தம் என்று வால்வு கேப்பைச் சரிசெய்வார்கள். டேப்பெட் சத்தம் ஐட்லிங்கிலும் இருக்கும், வேகத்தோடு சேர்ந்து ஏறும். அந்தத் தட்டல், அதாவது நாக்கிங், லோடு விழும்போது மட்டும் வரும், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் நிற்கும்.

ஓடும் எஞ்சினில் புல்லிக் குறியைக் காட்டும் டைமிங் லைட் இல்லாவிட்டாலும் ஒரு 12 வோல்ட் பல்பு இருந்தால் சரியாக வைத்துவிடலாம். எஞ்சின் ஓடக் கூடாது. முதல் பிளக்கைக் கழற்றி, ஓட்டையைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு கிராங்கை அது ஓடும் திசையிலேயே திருப்புங்கள். காற்று விரலைத் தள்ளினால் அது கம்ப்ரஷன். அப்போது புல்லியில் உள்ள வெட்டை, டைமிங் கவரின் முட்களில் உங்கள் மேனுவல் சொல்லும் டிகிரிக்கு நேராகக் கொண்டுவாருங்கள். முட்களில் அழுக்கு அப்பியிருக்கும். மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, வெட்டில் வெள்ளை பெயிண்ட் தொட்டுவைத்தால் கண்ணுக்குத் தெரியும். தாண்டிவிட்டால் சும்மா பின்னால் இழுத்து நிறுத்தக் கூடாது. கால் சுற்று பின்னே போய் மறுபடி முன்னே வரவேண்டும், இல்லாவிட்டால் டைமிங் செயினின் தளர்வும் அளவில் சேர்ந்துவிடும்.

பல்பின் ஒரு ஒயரைக் காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் மெல்லிய ஒயரின் முனையிலும், மற்றதை எர்த்திலும் கொடுத்து, சாவியை ஆன் செய்யுங்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் காயில் மின்சாரத்தைத் திறந்து மூடும் பாயிண்ட் மூடியிருந்தால் பல்பு எரியாது. டிஸ்ட்ரிபியூட்டரை முதலில் கடிகார முள்ளுக்கு எதிராகத் திருப்பிப் பல்பை அணையவிட்டு, பிறகு கடிகாரத் திசையில் மயிரிழை மயிரிழையாகத் திருப்புங்கள். பல்பு எரியத் தொடங்கும் அந்த இடம்தான் டைமிங். முடிந்ததும் சாவியை ஆஃப் செய்யுங்கள். பாயிண்ட் மூடிய நிலையில் ஆனில் விட்டால் காயில் சூடேறும்.

பாயிண்ட் கேப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது

வரிசையே தலைகீழ். சி.பி. பாயிண்ட் கேப் கூடினால் டைமிங் முன்னே போகும், குறைந்தால் பின்னே வரும். டைமிங்கை அழகாக வைத்துவிட்டு, பாயிண்டைத் தேய்த்துக் கேப்பை மாற்றினால் முதல் வேலை வீண். லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டருக்குக் கேப் 0.015 அங்குலம், சுமார் 0.38 மி.மீ. கேம் முனை பாயிண்டின் குதியை முழுதாகத் தூக்கி நிற்கும்போது அளக்க வேண்டும்.

பழைய பாயிண்டில் ஒரு பக்கம் மேடும் எதிர்ப்பக்கம் குழியும் விழுந்திருக்கும். ஃபீலர் கேஜ் மேட்டில் தட்டி நின்றுவிடும், நீங்கள் 0.015 என்று வைத்த இடத்தில் உண்மையான கேப் அதைவிட அதிகம். அப்படிப்பட்டதைத் தேய்ப்பதைவிடப் புதுசு போடுவது நல்லது. புதுசும் சீக்கிரமே குழி விழுந்தால் கண்டென்சரைச் சந்தேகப்படுங்கள்.

நாலு கேம் முனைகளிலும் கேப் வெவ்வேறாக வந்தால் ஷாஃப்ட் புஷ் தேய்ந்திருக்கிறது. டைமிங் லைட்டில் குறி ஓரிடத்தில் நிற்காமல் துள்ளும். டிஸ்ட்ரிபியூட்டரை எவ்வளவு திருப்பினாலும் அது தீராது.

வேக்யூம் குழாயை மாட்டிக்கொண்டே லைட் அடிப்பது

கார்புரேட்டர் பக்கமிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் அந்தக் குழாயைக் கழற்றி, முனையை அடைத்துவிட்டு அடியுங்கள்.

ஐட்லிங் ஏறியிருக்கும்போது அளப்பது

1,000 ஆர்.பி.எம்.முக்கு மேல் வெயிட்டுகள் விரியத் தொடங்கியிருக்கலாம். அப்போது லைட்டில் தெரிவது அடி டைமிங் அல்ல. மேனுவல் சொல்லும் வேகத்துக்கு முதலில் இறக்குங்கள்.

ரோட்டாருக்கு அடியில் பார்க்காமல் விடுவது

வருஷக்கணக்கில் நின்ற வண்டியில் வெயிட்டுகள் துருப்பிடித்து ஒட்டியிருக்கும். ரோட்டாரை அது சுற்றும் திசையில் விரலால் திருகி விடுங்கள். ஸ்பிரிங் இழுத்துத் தானே பழைய இடத்துக்கு வரவேண்டும். வராவிட்டால் அட்வான்ஸ், அதாவது ஸ்பார்க்கை முன்னே தள்ளும் அமைப்பு, ஒரே இடத்தில் சிக்கியிருக்கிறது. ரோட்டாரைக் கழற்றி, நடுவில் உள்ள ஸ்குரூமேல் இரண்டு சொட்டு எஞ்சின் ஆயில் விட்டுத் திருகிப் பாருங்கள். பாயிண்டில் எண்ணெய் பட்டால் அது தனித் தலைவலி.

வேக்யூம் குழாய் வந்து சேரும் டயஃப்ரமையும் அப்போதே சோதிக்கலாம். குழாயை வாயால் உறிஞ்சினால் பாயிண்ட் இருக்கும் தட்டு நகர வேண்டும், நாக்கால் குழாயை அடைத்தால் அங்கேயே நிற்க வேண்டும். டயஃப்ரம் கிழிந்த வண்டி மைலேஜ் தராது. அதை ஈடுகட்ட அடி டைமிங்கை ஏற்றுகிறவர்கள் உண்டு. மறுபடி முதல் தவறுக்கே வந்துவிடுகிறார்கள்.

ஃபேன்

டைமிங் லைட்டில் புல்லி நின்றுவிட்டதுபோல் தெரியும், ஃபேனும் ஊர்வதுபோல் தோன்றலாம். கையையும் துண்டையும் தள்ளி வையுங்கள்.

பிக்கப் இல்லை என்றால் உடனே டைமிங் என்பது

டைமிங் பின்தங்கியிருந்தால் பிக்கப் குறைவதோடு எஞ்சின் ஹீட்டும் ஏறும், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு பழுக்கும். ஹீட் இல்லாமல், மிதித்ததும் ஒரு நொடி தயங்கிப் பிறகு போனால் கார்புரேட்டரைப் பாருங்கள். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலில் பழைய ஜெட்டுக்குக் கலவை மெலிந்துவிடும். அந்தத் தயக்கத்தை டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி மூடி மறைக்கக் கூடாது.

போல்ட்டை இறுக்கியதும் பானெட்டை மூடுவது

இறுக்கும்போது டிஸ்ட்ரிபியூட்டர் லேசாக நகரும். பல்பையோ லைட்டையோ வைத்து இன்னொரு முறை பாருங்கள். நகரக் கூடாது என்று மூர்க்கமாக முடுக்கினால் கிளாம்ப் தகடு வளைந்துவிடும், அதற்குப் பிறகு எவ்வளவு இறுக்கினாலும் பிடிக்காது. பிறகு எஞ்சினைச் சூடாக்கி, காலியான ஏற்றத்தில் டாப் கியரில் 40 கி.மீ. வேகத்திலிருந்து முழுதாக மிதியுங்கள். தட்டல் விடாமல் கேட்டால் 2 டிகிரி குறைத்து மறுபடி ஓட்டிப் பாருங்கள். டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டில் சொரசொரப்பான சிறு குமிழ் இருக்கும் வண்டிகளில் போல்ட்டைத் தொடவே வேண்டாம். அந்தக் குமிழில் 11 கிளிக் ஒரு டிகிரி.