தாத்தாவின் பேனாக்கத்தி: துருவை எடுங்கள், கறுப்பை விடுங்கள்

பீரோவிலோ பழைய டிரங்குப் பெட்டியிலோ கிடந்து துருவேறி, திறக்க மறுக்கும் பேனாக்கத்தி ஒன்று வீட்டில் இருக்கிறதா? இந்தப் பதிவு உங்களுக்குத்தான். எங்கள் வீட்டுக் கத்தி இங்கிலாந்தின் ஷெஃபீல்டு ஊர்ச் சரக்கு. தாத்தா பென்சில் சீவவும் பாக்கைப் பிளக்கவும் வைத்திருந்தது. அதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தபோது தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். கத்தியைப் பளபளவென்று புதிதாக்குவது நோக்கம் இல்லை. துரு மேலும் பரவாமல் நிற்க வேண்டும், அலகு சுகமாகத் திறந்து மூட வேண்டும், அவ்வளவுதான்.

தேவையானவை

தையல் மெஷின் எண்ணெய், பழைய பனியன் துணி, பல்குச்சி, டூத் பிரஷ், மிக மெல்லிய ஸ்டீல் உல் (பாக்கெட்டில் 0000 என்று போட்டிருக்கும்). தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் எதுவும் வேண்டாம். நாள்பட்டால் பிசுக்காகி மடிப்புக்குள் அழுக்கைச் சேர்க்கும். டபிள்யூடி-40 ஸ்பிரே துருவை இளக்க நல்லது, ஆனால் சீக்கிரம் காய்ந்துவிடும். அதன் மேல் எப்படியும் எண்ணெய் விடத்தான் வேண்டும் என்பதால் நான் நேராக எண்ணெய்க்கே போய்விடுகிறேன்.

1. முதலில் பிடியைப் பாருங்கள்

எலும்பு, மரம், கொம்பு என்றால் தண்ணீர் ஆகாது. எண்ணெயில் முழுக்கப் போட்டு ஊறவைப்பதும் கூடாது, எலும்பு எண்ணெயைக் குடித்துக் கறுத்துவிடும். ஆமை ஓடு, முத்துச்சிப்பி போல மினுங்கும் பிடி என்றால் கட்டைவிரலால் சூடு ஏறும்வரை தேய்த்து முகர்ந்து பாருங்கள். கற்பூர வாடை வந்தால் அது செல்லுலாய்ட். கற்பூரம் சேர்த்துச் செய்யும் பழைய கால பிளாஸ்டிக் அது. குப்பென்று தீப்பிடிக்கும் என்பதால் நெருப்பருகே கொண்டுபோகாதீர்கள். சிதையத் தொடங்கிவிட்டால் அதிலிருந்து வரும் வாயு, அதே பெட்டியில் இருக்கும் மற்ற கத்திகளையும் துருப்பிடிக்க வைக்கும். தனியாக, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள்.

தந்தம், கடமான் கொம்பு என்றால் விற்கவோ வாங்கவோ கிளம்பாதீர்கள், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஷெஃபீல்டு பட்டறைகள் ஒரு காலத்தில் கடமான் கொம்பை இந்தியாவிலிருந்துதான் வரவழைத்தன. இங்கிருந்து போன கொம்பு கத்தியாகித் திரும்பி வந்திருக்கவும் வாய்ப்புண்டு.

2. திறப்பது

என்னை ரொம்பத் தவிக்கவிட்ட கட்டம் இது. நிதானமாகப் படியுங்கள்.

இந்த வகைக் கத்தியில் பூட்டு கிடையாது. முதுகுப்பக்கம் ஒரு பட்டை ஸ்பிரிங் அலகின் அடிப்பகுதியை அழுத்திப் பிடித்திருக்கும். அலகு சுழலும் ஆணியைச் சுற்றித் துரு நிறைந்துவிட்டால் எல்லாம் ஒரே கட்டியாகிவிடும். உடனே கை கொறடைத் தேடும். கொறடு வேண்டவே வேண்டாம். நகம் வைக்கும் பள்ளம் சிதையும், அலகில் ஆயுசுக்கும் பல் தடம் விழும்.

எண்ணெயை ஆணி இருக்கும் முனையில் மட்டும் விடுங்கள். அலகுக்கு இரண்டு பக்கமும் இருக்கும் இடுக்கில் சில சொட்டு, ஸ்பிரிங்குக்கும் பிடிக்கும் நடுவே சில சொட்டு. அந்த முனை கீழே இருக்கும்படி கத்தியை ஒரு டம்ளரில் சாய்த்து நிறுத்தி ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். மறுநாள் அலகின் பக்கவாட்டைத் தடித்த ரப்பர் துண்டால் பற்றி, மயிரிழை அசைகிறதா என்று பாருங்கள். அசையவில்லையா, மறுபடி எண்ணெய், மறுபடி காத்திருப்பு.

அசைந்துவிட்டால்தான் கவனம் அதிகம் வேண்டும். சந்தோஷத்தில் ஒரே இழுப்பாக இழுத்துவிடுவோம். துரு அரித்த ஸ்பிரிங் அப்போது முறியலாம், அதே மாதிரி மாற்று ஸ்பிரிங் கடையில் கிடைக்காது. கொஞ்சம் திறந்து மூடுங்கள், செம்பழுப்பாக எண்ணெய் கசியும், துடையுங்கள், மறுபடி விடுங்கள். கசியும் எண்ணெய் தெளிவாகும்வரை இதேதான். வெட்டுமுனை இருக்கும் பக்கம் விரலைக் கொண்டுபோகாதீர்கள். எத்தனை மொட்டை என்றாலும் அது கத்தி.

*பின்சேர்க்கை:* இரண்டு அலகும் இறுகிக் கிடக்கிறதே என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். இரண்டும் ஒரே ஸ்பிரிங்கில் இருந்தால் ஒன்றை முழுதாகச் சரிசெய்து மூடிவிட்டு மற்றதைத் தொடுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் பாதி திறந்தால் ஸ்பிரிங்குக்கு இரட்டைச் சுமை.

3. துரு

சிவப்புத் துரு போக வேண்டும். சாம்பலும் கறுப்புமாகப் படிந்த நிறம் இருக்க வேண்டும். பழைய கார்பன் எஃகு பல வருஷம் பழம் நறுக்கிச் சம்பாதித்த நிறம் அது, கொஞ்சம் காவலும் கூட. ஸ்டீல் உல்லில் எண்ணெய் தொட்டு அலகின் நீளவாக்கில் மெதுவாகத் தேயுங்கள். பாலிஷ் சக்கரம் பக்கம் போகாதீர்கள், அலகின் அடிப்பகுதியில் உள்ள கம்பெனி முத்திரை அழிந்துவிடும்.

அந்த முத்திரைதான் கத்தியின் ஜாதகம். ஷெஃபீல்டு கம்பெனியான ஜோசப் ராட்ஜர்ஸ் கத்தி என்றால் நட்சத்திரமும் மால்டா சிலுவையும் இருக்கும். கிரீடத்தோடு ‘வி ஆர்’ எழுத்துகள் இருந்தால் விக்டோரியா ராணி காலம், அதாவது 1901க்கு முன். ‘ஜி ஆர்’ என்றால் ஜார்ஜ் மன்னர்கள். எழுத்துக்கூட்டலைச் சரிபாருங்கள், ராட்ஜர்ஸ் பெயரில் போலிகள் நிறைய. ஸ்டெயின்லெஸ் என்று பொறித்திருந்தால் கட்டாயம் 1913க்குப் பிந்தியது. ஹாரி பிரியர்லி ஷெஃபீல்டில் அந்த எஃகை உருக்கியது அந்த வருஷம்தான்.

4. சாணை

தெருவில் வரும் சாணைக்காரரிடம் அரிவாளைத் தாராளமாகக் கொடுங்கள், இதை வேண்டாம். மெல்லிய அலகு சக்கரத்தில் சட்டென்று சூடேறும். விளிம்பு நீலம் பாய்ந்தால் பதம் போய்விட்டது என்று அர்த்தம், அப்புறம் கூர் நிற்காது. 1000 எண் தண்ணீர்க் கல் (தண்ணீர் விட்டுத் தீட்டும் சாணைக்கல்) ஒன்று போதும். பக்கத்துக்கு 20 டிகிரி அளவில் சாய்த்து, அழுத்தாமல் தேயுங்கள். ஈரம் மடிப்புக்குள் போகாமல் உடனே துடைத்து எண்ணெய் தடவுங்கள்.

5. வைப்பது

தோல் உறையில் போட்டு வைக்காதீர்கள். தோல் ஈரத்தை இழுக்கும், பதனிட்ட ரசாயனமும் அதில் மிச்சம் இருக்கும். பருத்தித் துணியில் சுற்றி, மாத்திரை டப்பாவில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைக் கூடவே போடுங்கள்.

*இன்னொரு பின்சேர்க்கை:* தூத்துக்குடியிலிருந்து ஒருவர், இத்தனை செய்தும் சில வாரத்தில் புள்ளி விழுகிறது என்று எழுதியிருந்தார். உப்புக்காற்றுக்கு மெல்லிய எண்ணெய் தாங்காது. அலகில் பெட்ரோலியம் ஜெல்லியை லேசாகத் தடவி, மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள். விமானத்தில் எடுத்துப் போவதாக இருந்தால் செக்-இன் பெட்டியில் வையுங்கள். கைப்பையில் இருந்தால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள்.