மழை வாரம்: வீட்டிலேயே ஒரு பாலர் பாடம்

வீட்டில் பாலர் பாடம் நடத்தத் தொடங்குபவர்கள் இணையத்தில் கருப்பொருள் தேடினால் முதலில் வந்து நிற்பது பனிமனிதனும் உதிரும் இலைகளும்தான். சிங்கப்பூர்ப் பிள்ளைக்கு இரண்டும் படத்தில் பார்த்தவை. மழை அப்படியில்லை. ஆண்டுக்குச் சராசரியாக 2,100 மில்லிமீட்டருக்கு மேல், 170 நாள்களுக்குமேல் சன்னலைத் தட்டுகிறது. நவம்பரிலிருந்து ஜனவரிவரை மழை அதிகம்; அந்த மாதங்களில் எந்த வாரத்தை எடுத்தாலும் பாடப்பொருள் தானாகவே வானத்திலிருந்து விழும்.

ஆறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குக் கட்டாயக் கல்விச் சட்டம் பொருந்தாது. ஆகவே பாலர் பாடத்தை வீட்டில் நடத்த யாரிடமும் விலக்குக் கேட்க வேண்டியதில்லை. தொடக்கப்பள்ளி வயதிலும் வீட்டிலேயே தொடர நினைத்தால்தான் கல்வி அமைச்சிடம் விண்ணப்பிக்க வேண்டும்.

கீழே உள்ளவை மூன்று முதல் ஆறு வயதுக்கு. ஒரு நாளைக்கு ஒன்று போதும். மூன்று வயதுக்குப் பதினைந்து நிமிடம், ஐந்து வயதுக்கு அரை மணி. அதற்குமேல் இழுத்தால் பிள்ளை அழும், அல்லது நீங்கள் கத்துவீர்கள்.

முதலில் சொற்கள்

மழைப் பாடத்தில் பெயர்ச்சொற்கள் கொஞ்சம்தான்: மேகம், குடை, இடி, மின்னல், குட்டை. வினைச்சொற்கள்தான் ஏராளம். தண்ணீர் சொட்டும், ஒழுகும், வழியும், சிந்தும், தெறிக்கும், தேங்கும். துணி நனையும், ஊறும், காயும். வீட்டில் ஆங்கிலம் அதிகம் பேசும் பிள்ளைக்கு இந்த வேறுபாடுகள் அட்டையைக் காட்டினால் ஏறாது. கை ஈரமாக இருக்கும்போது ஏறும். குழாயைக் கொஞ்சமாகத் திறந்து “பாரு, சொட்டுது”, இன்னும் திறந்து “இப்ப ஒழுகுது”, வாளி நிரம்பியதும் “ஐயோ, வழியுது!” இதற்கு இரண்டு நிமிடம் போதும். அந்த வாரம் முழுக்க இந்தச் சொற்களை எல்லாச் செய்முறையிலும் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். தாத்தா பாட்டி உடன் இருந்தால் தூறல், சாரல், அடைமழை மூன்றுக்கும் வேறுபாடு சொல்லும் வேலையை அவர்களிடம் விட்டுவிடலாம்.

ழகரம் இந்த வாரத்தில் ஓயாமல் வரும். ‘மளை’ என்று சொல்லும் பிள்ளையை விளையாட்டின் நடுவே நிறுத்தித் திருத்த வேண்டாம். ள சொல்லும்போது நாக்கு நுனி அண்ணத்தைத் தொடும். ழ சொல்லும்போது வளைந்து போகும், ஆனால் தொடாது. நீங்கள் தெளிவாகச் சொன்னால் போதும். கண்ணாடிமுன் நின்று ஒருமுறை இருவரும் செய்து பாருங்கள், அது ஒரு தனி விளையாட்டு.

மழைக்குழல்

தேவையானவை: சமையலறைக் காகிதச் சுருளின் உள்ளே இருக்கும் அட்டைக் குழாய் ஒன்று, அலுமினியத் தாள் 45 சென்டிமீட்டர் நீளத்தில் இரண்டு துண்டு, அரிசி இரண்டு மேசைக்கரண்டி, பச்சைப்பயறு ஒரு மேசைக்கரண்டி, கெட்டி அட்டை, அகலமான ஒட்டுநாடா.

அரிசியையும் பயற்றையும் முதலில் வெறும் சட்டியில் ஐந்து நிமிடம் வறுத்து நன்றாக ஆறவையுங்கள். இதைத் தவிர்த்தால் சில வாரத்தில் குழலுக்குள் வண்டு ஊரும். சூடு ஆறாமல் அடைத்தால் உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும்.

அலுமினியத் தாளைக் கசக்கிக் கயிறாக உருட்டுவது பிள்ளையின் வேலை. அந்தக் கயிற்றைத் துடைப்பக் கைப்பிடியில் சுற்றி உருவினால் சுருள்வில் மாதிரி வரும். இரண்டு சுருளையும் இழுத்து, குழாயின் முழு நீளத்துக்கும் வருமாறு உள்ளே விடுங்கள். ஒரு முனையை அட்டை வட்டத்தால் மூடி ஒட்டி, தானியத்தைக் கொட்டி, மறுமுனையை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு ஒருமுறை கவிழ்த்துக் கேட்டுப் பாருங்கள். சத்தம் சரியாக இருந்தால்தான் மூட வேண்டும்.

‘தொப்’ என்று ஒரே சத்தமாக விழுந்தால் சுருள் தளர்வாக இருக்கிறது, அல்லது தானியம் கூடிவிட்டது. பாதி வழியில் நின்றுவிட்டால் சுருள் நெருக்கமாக இருக்கிறது. வெளியே எடுத்து இழுத்து விடுங்கள். அரிசி மட்டும் போட்டால் தூறல். பயறு சேர்ந்தால் மழை. கொண்டைக்கடலை போட்டால் தகரக் கூரையில் விழும் பெருமழை, ஆனால் சுருளில் சிக்கும். முனைகளில் ஒட்டுநாடாவை இரண்டு சுற்று சுற்றுங்கள். மூன்று வயதுக்குக் குறைந்த தம்பி தங்கை இருந்தால் குழலை உயரத்தில் வையுங்கள். அவிழ்ந்து கொட்டினால் பயறு மூக்குக்குள்தான் போகும்.

காகிதக் கப்பல்

இந்த வாரத்தில் ஒன்றே ஒன்றுதான் செய்ய நேரம் கிடைக்கும் என்றால் இதைச் செய்யுங்கள்.

ஏ4 தாள் இரண்டு எடுங்கள். ஒன்றை அப்படியே விடுங்கள். இன்னொன்றின் இரு பக்கத்திலும் பிள்ளை மெழுகு வண்ணத்தால் இடைவெளி விடாமல் தேய்க்கட்டும். தண்ணீரில் கழுவினால் போய்விடும் வகை வண்ணம் இதற்கு உதவாது, சாதாரண மெழுகு வண்ணம்தான் வேண்டும். ஒரு தாளை முழுக்கத் தேய்க்கச் சின்னக் கைக்குப் பத்து நிமிடம் ஆகும். விரலுக்கு நல்ல வலு. சலித்துக்கொண்டால் மீதியை நீங்கள் தேய்க்கலாம், தப்பில்லை.

பிறகு இரண்டையும் கப்பலாக மடியுங்கள். ஐந்து வயதுப் பிள்ளை முதல் இரண்டு மடிப்பைச் செய்யும். தொப்பி வடிவத்தைச் சதுரமாக்கி, மறுபடி மடித்து இழுக்கும் இடத்தில் உங்கள் கை வேண்டும். மடித்த இடத்தில் மெழுகு விரிசல் விட்டிருக்கும். தண்ணீர் நுழைவது அந்தக் கோடுகள் வழியாகத்தான். ஆகவே மடித்து முடித்ததும் அடிப்பக்கக் கோடுகளில் மறுபடி ஒருமுறை அழுத்தித் தேய்க்க வேண்டும். பலர் விடுவது இந்த ஒரு படியைத்தான். பிறகு ‘மெழுகு போட்டும் முழுகிவிட்டதே’ என்பார்கள்.

பெரிய தொட்டியில் ஒரு சாண் உயரத் தண்ணீர். கப்பல்களை விட்டு, பத்துக் காசு நாணயங்களை ஒவ்வொன்றாக வையுங்கள். நடுவில் கூம்பு இருப்பதால் காசு இரண்டு பக்கமும் பிரியும். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றி வைக்கச் சொல்லுங்கள். ஒரே பக்கம் வைத்தால் கப்பல் சாயும். அதையும் ஒருமுறை சாயவிட்டுத்தான் காட்ட வேண்டும். வெள்ளைக் கப்பலின் அடி முதலில் நிறம் மாறி ஊறும், பிறகு ஓரம் மடங்கும், பிறகு மெல்ல இறங்கும். மெழுகுக் கப்பலின்மேல் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு நிற்கும். அந்த முத்துகளை விரலால் தள்ளி விளையாடுவதில் கப்பலையே மறந்துவிடும் பிள்ளைகள் உண்டு. மறக்கட்டும்.

எத்தனை காசு தாங்கியது என்பதைத் தாளில் கோடு போட்டுக் குறியுங்கள். 2013இல் வந்த பத்துக் காசின் ஒரு பக்கத்தில் அடுக்குமாடி வீடுகள் இருக்கும், “நம்ம புளோக் மாதிரியே இருக்கா?” என்று கேட்டால் பேச்சு வளரும். முடிந்ததும் காசை எண்ணி எடுத்துவிடுங்கள். வாயில் போடும் வயதுப் பிள்ளை இருந்தால் காசுக்குப் பதில் பெரிய பொத்தான்கூட வேண்டாம், துணிக் கவ்விகள் போதும்.

கப்பலைச் சாக்கடையில் விடும் பழக்கம் ஊரில் இருந்தது. இங்கே வேண்டாம். மழை நேரத்துப் பெரிய வடிகாலில் தண்ணீர் சில நிமிடத்தில் ஏறிவிடும்.

மழைமானி

ஒன்றரை லிட்டர் போத்தல் ஒன்று. உடம்பில் வரிப்பள்ளங்கள் இல்லாமல் நேராக இருப்பதாகப் பார்த்து எடுங்கள். வளைவு இருந்தால் அளவு தவறும். மேல்பாகம் சரியத் தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே பெரியவர் வெட்டி, விளிம்பில் ஒட்டுநாடா சுற்றுங்கள். வெட்டிய மேல்பாகத்தை மூடி இல்லாமல் கவிழ்த்து உள்ளே செருகினால் புனல் தயார்.

போத்தலின் அடி மேடுபள்ளமாக இருக்கும். கூழாங்கற்கள் போட்டு, சுவர் நேராகத் தொடங்கும் இடம்வரை தண்ணீர் ஊற்றி, அங்கே பூச்சியம் என்று கோடு போடுங்கள். அதற்குமேல் ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு கோடு. நான்கு வயதுக்கு எண் வேண்டாம், மூன்று நிற நாடா ஒட்டினால் “இன்னிக்குப் பச்சை வரைக்கும் வந்திருக்கு” என்று தானே சொல்லும்.

எங்கே வைப்பது என்பதுதான் சிக்கல். சன்னல் விளிம்பிலோ தாழ்வாரச் சுவரின்மேலோ வைக்கவே கூடாது. பன்னிரண்டாம் மாடியிலிருந்து கல் போட்ட போத்தல் விழுந்தால் என்னாகும் என்று சொல்லத் தேவையில்லை. மழைக்குமுன் கீழே இறங்கி, மரத்தடி அல்லாத திறந்த புல்வெளியில் வைத்து, இரண்டு செங்கல் அணைத்துவிட்டு மேலே வந்துவிடுங்கள். இடி கேட்டால் இறங்க வேண்டாம்; கடைசி இடிக்குப் பிறகு முப்பது நிமிடம் பொறுத்திருந்து போய் எடுங்கள். மழை எங்கே பெய்கிறது, மின்னல் எங்கே என்பதைத் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் ‘மைஎன்வி’ செயலியில் பார்க்கலாம். அளந்ததும் தண்ணீரை உடனே கொட்டிவிடுங்கள், கூழாங்கல்லோடு சேர்த்து. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம்தான் எடுக்கும். அறிவியல் பாடம் டெங்கியில் முடிய வேண்டாம்.

மாவும் ஈரக் காற்றும்

விளையாட்டு மாவுக்கு எல்லா இடத்திலும் சொல்லும் அளவு: மைதா ஒரு கப், உப்பு அரைக் கப், தண்ணீர் ஒரு கப், எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, எலுமிச்சைச் சாறு இரண்டு மேசைக்கரண்டி. சிங்கப்பூரில் இந்த மாவு இரண்டாம் நாளே கையில் ஒட்டும். காரணம் உப்பு. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு அந்த ஈரத்தை இழுத்துக்கொள்ளும், இங்கே சராசரியே எண்பதுக்கு மேல். உப்பை மூன்றில் ஒரு கப்பாகக் குறையுங்கள். உப்புக் குறைந்தால் சீக்கிரம் கெடும், ஆகவே காற்றுப் புகாத டப்பாவில் போட்டுக் குளிர்பெட்டியில் வையுங்கள். ஒரு வாரம் தாங்கும்.

எல்லாவற்றையும் ஒரு சொட்டு நீலச் சாயத்தோடு கட்டியில்லாமல் கலக்கி, மெல்லிய தீயில் மூன்று நான்கு நிமிடம், சட்டியை விட்டு உருண்டு வரும்வரை கிளறுங்கள். களி கிண்டத் தெரிந்தவருக்குப் பக்குவம் தெரியும். அரிசி மாவில் செய்தால் இழுபடாமல் உடையும். ஆறியதும் துளி, மேகம், பிறகு கயிறாக உருட்டி ‘ம’. ‘ழை’யைக் கே2 (பாலர் பள்ளியின் கடைசி ஆண்டு) வயதில் தொடங்கினால் போதும்.

இதே ஈரம்தான் ஒட்டு வேலையையும் கெடுக்கும். வெள்ளைப் பசை காய ஒரு நாள் ஆகும், பசைக்குச்சி மேல். வண்ணம் தீட்டிய தாள்களை அடுக்கி வைக்காதீர்கள், ஒட்டிக்கொண்டு கரும்புள்ளி பிடிக்கும். மின்விசிறிக்கு அடியில் தனித்தனியே பரப்புங்கள். பஞ்சு ஒட்டிச் செய்யும் மேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை: படம் எடுக்க அழகு, பிள்ளைக்கு அதில் வேலை குறைவு. அதற்குப் பதில் பாத்திரம் கழுவும் பஞ்சு ஒன்றைச் சல்லடைமேல் வைத்து, கரண்டி கரண்டியாகத் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். நிறையும்வரை தாங்கும், பிறகு சொட்டும். மேகம் என்றால் என்ன என்பது அதில் புரிந்துவிடும்.

வாரக் கடைசியில்

மழைத்தண்ணீர் எங்கே போகிறது என்று பிள்ளை எப்படியும் கேட்கும். புளோக்குக்குக் கீழே வடிகாலிலிருந்து தொடங்குங்கள். தீவின் மூன்றில் இரண்டு பங்கு நிலத்தில் விழும் மழை இப்படி ஓடி 17 நீர்த்தேக்கங்களில் சேர்கிறது. நேரில் காட்ட பீஷான்–அங் மோ கியோ பூங்கா வசதி: காங்கிரீட் கால்வாயாக இருந்த காலாங் ஆற்றை அங்கே 2012இல் புல்லும் கல்லுமாக ஆறாகவே மாற்றிவிட்டார்கள். மழைக்குழலையும் ஒரு மாற்றுச் சட்டையையும் எடுத்துப் போங்கள். வானம் இருட்டினாலோ எச்சரிக்கை ஒலி கேட்டாலோ கரையைவிட்டு உடனே மேலேறிவிட வேண்டும். தண்ணீர் புல்வெளிவரை ஏறும்படியாகத்தான் அந்த ஆற்றை அமைத்திருக்கிறார்கள்.