வயதான நாயின் மூட்டுவலி: என் அனுபவம்

எங்கள் வீவக (சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் வளரும் ஷிட்சூ நாய், 13 வயதில் பின்னங்கால்களை இழுத்து நடக்கத் தொடங்கியதும், பக்கத்து வீட்டு அக்கா அன்போடு பனடோல் அட்டையை நீட்டினார். அதிலுள்ள, நமக்கு உதவும் பாரசிட்டமால் நாயின் கல்லீரலையும் இரத்தச் சிவப்பணுக்களையும் கெடுக்கக்கூடும், இன்னொரு வலிநிவாரணியான ஐபுபுரோஃபெனோ குடற்புண்ணையும் சிறுநீரகப் பாதிப்பையும் உண்டாக்கும் என்பதால், நன்றி சொல்லி அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

கால்நடை மருத்துவர் சிறுநீரகத்தையும் கல்லீரலையும் இரத்தப் பரிசோதனையில் பார்த்த பின்னரே வலியையும் வீக்கத்தையும் தணிக்கும் மெலோக்சிகாம் திரவ மருந்தை எழுதிக்கொடுத்தார். நாயின் எடை கிலோ கணக்கில் குறிக்கப்பட்ட ஊசியில்லாத சிரிஞ்சில் அதை அளந்து, நாளுக்கு ஒருமுறை, உணவோடு மட்டுமே கொடுக்கிறோம். வாந்தி, பசியின்மை, தார்போல் கறுத்த மலம் ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும் மருந்தை நிறுத்திவிட்டு மருத்துவரை அழைக்கவேண்டும். ஸ்டீராய்டையோ, மெலோக்சிகாமின் வகையையே சேர்ந்த கார்ப்ரோஃபெனையோ இதனுடன் சேர்க்கக்கூடாது.

வழுக்கும் தரையில் ரப்பர் பாய் விரித்ததும், உடல் எடையைக் குறைத்ததும் (அம்மா இரகசியமாக ஊட்டிவந்த பிராட்டாவை நிறுத்தவைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது) மருந்துக்கு நிகராகவே உதவின என்பது என் கணிப்பு. வலி தணிந்ததும் மருத்துவர் மருந்தின் அளவைக் குறைத்துவிட்டார். இரத்தப் பரிசோதனை மட்டும் அவர் சொல்லும் இடைவெளியில் தொடர்கிறது.