அலமாரியில் கிடக்கும் பிஎஸ்பியை மறுபடி ஓட வைப்பது எப்படி

போன மாதம் சித்தி பையன் ஒரு பாலிதீன் கவரோடு வந்தான். உள்ளே கறுப்பு நிற பிஎஸ்பி, அதாவது சோனியின் பழைய கையடக்க கேம் மெஷின், சார்ஜர், கூடவே அதற்கென்றே வந்த குட்டி யுஎம்டி டிஸ்க் மூன்று. "அண்ணா, இதுல பழைய கேம் எல்லாம் ஏத்தலாம்னு சொல்றாங்க, பத்து நிமிஷ வேலைதானாமே?" என்றான். ஆமாம், மோட் செய்வது, அதாவது சோனி அனுமதிக்காததையும் ஓட்டும்படி மெஷினின் மென்பொருளை மாற்றுவது, உண்மையிலேயே பத்து நிமிட வேலைதான். ஆனால் அவன் அதை வீட்டுக்கு எடுத்துப் போக ஒன்பது நாள் ஆனது. பாட்டரிக்கும் மெமரி கார்டுக்குமே அத்தனை நாளும் போயின. இணையத்தில் கிடைக்கும் விளக்கங்கள் பெரும்பாலும் இந்த இரண்டையும் ஒரு வரியில் தாண்டிவிடுகின்றன, அதனால் நான் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் உங்களிடம் இருப்பது எது என்று பாருங்கள்

பிஎஸ்பி ஜப்பானில் 2004 டிசம்பரில் வந்தது. அந்த முதல் மாடல்தான் 1000, கொஞ்சம் தடிமனாக, கனமாக இருக்கும். 2007இல் 2000, 2008இல் 3000, 2009இல் யுஎம்டி இல்லாத கோ, 2011இல் வைஃபை இல்லாத ஸ்ட்ரீட் என்கிற ஈ1000. பின்னால் இருக்கும் பாட்டரி மூடியைத் திறந்து, பாட்டரியை எடுத்துவிட்டுப் பார்த்தால் ஸ்டிக்கரில் மாடல் எண் இருக்கும். 1001, 3004 என்று எப்படி இருந்தாலும் கடைசி எண் எந்த நாட்டுக்கு விற்றது என்பதற்காக மட்டும்தான், முதல் எண்ணைப் பார்த்தால் போதும். நான் இங்கே சொல்வது 1000, 2000, 3000 மூன்றுக்கும் அப்படியே பொருந்தும். கோ மாடலிலும் ஸ்ட்ரீட்டிலும் பாட்டரி உள்ளேயே இருக்கும், கோவுக்கு அப்டேட் கோப்பும் வேறு, அதை மட்டும் நினைவில் வையுங்கள்.

1000இல் ராம் 32 எம்பி, மற்றவற்றில் 64 எம்பி. எமுலேட்டர் (வேறு மெஷின்களின் கேமை இதில் ஓட வைக்கும் மென்பொருள்) ஓட்டும்போது இந்த வித்தியாசம் சில இடங்களில் தெரியும், ஆனால் கையில் 1000 இருக்கிறது என்பதற்காக இன்னொன்று வாங்க ஓட வேண்டாம்.

பாட்டரி

பையன் கொண்டுவந்த 3000ஐ மேசையில் வைத்ததும் அது சமமாக உட்காரவில்லை, ஒரு மூலை ஆடியது. திருப்பிப் பார்த்தால் பாட்டரி மூடி ஒரு பக்கம் மேலே எழும்பி நிற்கிறது. மூடியை விலக்கினதும் பாட்டரி தானாக வெளியே துள்ளிக்கொண்டு வந்தது, நடுவில் இட்லி மாதிரி உப்பியிருந்தது. பல வருடம் சார்ஜ் ஏறாமல் கிடந்த பிஎஸ்பியில் இது சர்வ சாதாரணம். அதை அழுத்தி உள்ளே தள்ளாதீர்கள், குத்தாதீர்கள், "ஒரு தடவை சார்ஜ் போட்டுப் பார்ப்போம்" என்றும் நினைக்காதீர்கள். தனியே எடுத்து வைத்துவிட்டு மின்கழிவு வாங்குகிற இடத்தில் கொடுங்கள்.

பாட்டரி இல்லாமல் சார்ஜரில் மட்டும் பிஎஸ்பி ஓடும். அதனால் புதியது வரும் வரை மெஷின் உயிரோடு இருக்கிறதா, திரை சரியாக இருக்கிறதா, கட்டைவிரலால் நகர்த்தும் அனலாக் குமிழ் தானாக ஒரு பக்கம் நகர்கிறதா என்று சோதித்துக்கொள்ளலாம். ஆனால் மென்பொருள் அப்டேட்டுக்கு அது போதாது. சார்ஜரும் குத்தியிருக்க வேண்டும், பாட்டரியிலும் போதுமான சார்ஜ் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அப்டேட் தொடங்கவே மறுக்கும். 1000க்கு வந்த அசல் பாட்டரி 1800 எம்ஏஎச், 2000க்கும் 3000க்கும் 1200 எம்ஏஎச். இப்போது விற்கும் மாற்று பாட்டரிகளில் 3600 என்றெல்லாம் அச்சடித்திருப்பார்கள், அதே அளவு டப்பாவுக்குள் மூன்று மடங்கு எப்படி அடங்கும் என்று ஒரு நிமிடம் யோசித்தால் போதும்.

பழைய வீடியோக்களில் பாட்டரியைப் பிரித்து, உள்ளே சிப்பின் காலை வெட்டுவதைக் காட்டுவார்கள். அது பண்டோரா பாட்டரி, 2007 காலத்து வித்தை, பாட்டரியின் வரிசை எண்ணை மாற்றி மெஷினை சர்வீஸ் முறையில் எழுப்புவது. இன்றைக்கு நமக்கு அது தேவையே இல்லை.

மெமரி கார்டு

பிஎஸ்பி எடுப்பது சோனியின் மெமரி ஸ்டிக் ப்ரோ டூயோ. இப்போது அசல் கார்டு தேடிப் போவதைவிட, மைக்ரோ எஸ்டி கார்டைச் செருகுகிற அடாப்டர் வாங்குவதே புத்திசாலித்தனம், விலையும் குறைவு. ஒரு கார்டு போடுகிற அடாப்டரையே வாங்குங்கள். இரண்டு கார்டு போடுகிற அடாப்டரும் உண்டு, அது இரண்டிலும் தரவைப் பிரித்துப் பிரித்து எழுதும், ஒன்று போனால் இரண்டும் போச்சு.

இங்கேதான் எனக்கு நான்கு நாள் வீணானது. அவசரத்தில் மலிவாக ஒரு 64 ஜிபி கார்டு வாங்கினேன். கணினியில் 64 என்றே காட்டியது. முதல் சில கேம்கள் அருமையாக ஓடின, அடுத்து ஏற்றியதெல்லாம் பாதியில் உறைந்தது, பிறகு மெனுவில் வரிசையாகச் சிதைந்த கோப்பு என்று காட்ட ஆரம்பித்தது. நான் மோட்தான் தப்பாகிவிட்டதோ என்று மூன்று தடவை எல்லாவற்றையும் அழித்துத் திரும்பப் போட்டேன். கடைசியில் எச்2டெஸ்ட்டபிள்யூ என்கிற சின்ன மென்பொருளில் கார்டைச் சோதித்தால் உண்மையான கொள்ளளவு 8 ஜிபிக்கும் குறைவு. அதனால் கார்டு எந்தக் கடையில் வாங்கினதாக இருந்தாலும் முதல் வேலையாக இந்தச் சோதனையை ஓட்டுங்கள், லினக்ஸ்காரர்களுக்கு எஃப்3 இருக்கிறது. ஒரு ராத்திரி ஓடட்டும், பரவாயில்லை.

சோதனை முடிந்ததும் கார்டை பிஎஸ்பியில் போட்டு, செட்டிங்ஸ், சிஸ்டம் செட்டிங்ஸ், ஃபார்மேட் மெமரி ஸ்டிக் என்று போய் அங்கேயே ஃபார்மேட் செய்யுங்கள். தேவையான ஃபோல்டர்களை அதுவே உருவாக்கிவிடும். மெஷின் கார்டை ஏற்கவே மறுத்தால் அது எக்ஸ்ஃபேட் வடிவத்தில் வந்திருக்கும், கணினியில் ஃபேட்32க்கு மாற்றிவிட்டு மறுபடி போடுங்கள்.

அப்புறம் கேபிள். பிஎஸ்பிக்கு வேண்டியது பழைய மினி யுஎஸ்பி, இப்போதைய போன் கேபிள் சேராது. சில மினி கேபிள்கள் சார்ஜுக்கு மட்டும் செய்தவை, கணினி மெஷினைக் கண்டுகொள்ளாவிட்டால் முதலில் கேபிளைச் சந்தேகியுங்கள்.

6.61 இருக்கிறதா

சிஸ்டம் செட்டிங்ஸில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் திறந்தால் மென்பொருள் பதிப்பு தெரியும். 6.60 அல்லது 6.61 என்றிருந்தால் இந்தப் பகுதியைத் தாண்டிவிடுங்கள். 6.61தான் சோனி 2015இல் வெளியிட்ட கடைசிப் பதிப்பு, அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை, வரப்போவதும் இல்லை.

பழைய பதிப்பு என்றால், 6.61 அப்டேட் கோப்பை எடுத்து, கார்டில் பிஎஸ்பி ஃபோல்டருக்குள் கேம், அதற்குள் அப்டேட் என்று ஒரு ஃபோல்டர் உருவாக்கி (எல்லாம் ஆங்கிலப் பெரிய எழுத்தில்) அதில் போடுங்கள். கோப்பின் பெயர் ஈபூட், அதன் வால் பிபிபி, பெயரை மாற்றாதீர்கள். சார்ஜரைக் குத்திவிட்டு, மெனுவில் கேம் பகுதியில் மெமரி ஸ்டிக்கைத் திறந்து ஓட்டுங்கள். நடுவில் மின்சாரம் போனால் என்ன என்று கேட்பவர்களுக்காகத்தான் பாட்டரி கதையை அவ்வளவு நீளமாகச் சொன்னேன்.

ஆர்க் போடுவது

இப்போது அந்தப் பத்து நிமிடம். நாம் போடப் போவது ஆர்க்-4 என்கிற கஸ்டம் ஃபர்ம்வேர், அதாவது சோனியின் மென்பொருளை ஆர்வலர்கள் மாற்றிச் செய்த வடிவம். ப்ரோ, எம்இ என்று பழையவையும் உண்டு, அவையும் வேலை செய்யும், ஆனால் இன்று புதிதாகத் தொடங்குபவருக்கு ஆர்க் போதும்.

ஆர்க்-4 ஒரு ஜிப் கோப்பாகக் கிடைக்கும். அதை விரித்தால் பல ஃபோல்டர் இருக்கும், நமக்கு இரண்டு. ஆர்க் என்ற பெயரோடு 01234 என்று முடிகிற ஃபோல்டரை, கார்டில் பிஎஸ்பிக்குள் இருக்கும் சேவ்டேட்டாவில் போடுங்கள். ஆர்க் லோடர் என்ற ஃபோல்டரை பிஎஸ்பிக்குள் இருக்கும் கேமில் போடுங்கள். இரண்டையும் இடம் மாற்றிப் போட்டுவிட்டு "வேலை செய்யவில்லை" என்பவர்கள்தான் அதிகம். மேக் கணினியில் காப்பி செய்தால் புள்ளியில் தொடங்கும் மறைவான குப்பைக் கோப்புகள் கூடவே வரும், மெனுவில் அவை சிதைந்த கோப்பாகத் தெரியும், அழித்துவிட்டால் சரி.

கேபிளைக் கழற்றி, கேம் பகுதியில் மெமரி ஸ்டிக், அதில் ஆர்க் லோடர், எக்ஸ் பொத்தான். ஜப்பான் மெஷினாக இருந்தால் வட்டப் பொத்தான்தான் சரி என்பதற்கு. திரையில் சில எழுத்துகள் ஓடும், ஒரு கணம் கறுக்கும், மறுபடி அதே பழைய மெனு வந்து நிற்கும். ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும், பையன் என் முகத்தைப் பார்த்தான். சிஸ்டம் இன்ஃபர்மேஷனைத் திறந்தேன், பதிப்பு எண்ணுக்குப் பக்கத்தில் ஆர்க் என்ற பெயர் இருந்தது. அவ்வளவுதான், முடிந்தது.

இது இவ்வளவு சுலபமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. சோனி கையொப்பமிட்ட நிரலை மட்டுமே பிஎஸ்பி ஓட்டும், அந்தக் கையொப்பத்துக்கான சாவிகள் 2011 வாக்கில் வெளியே வந்துவிட்டன. அதனால் லோடரை மெஷின் சோனியுடையதாகவே நினைத்துத் திறக்கிறது, உள்ளே போனதும் அது மீதி வேலையைப் பார்த்துக்கொள்கிறது. முக்கியமாக, இந்த முறையில் மெஷினின் உள் நினைவகத்தில் ஆபத்தான எதையும் எழுதுவதில்லை, எல்லாம் கார்டில்தான், அதனால் புதியவர்கள் பயப்பட ஒன்றுமில்லை.

கேம்கள்

உங்கள் யுஎம்டிகளிலிருந்தே தொடங்குங்கள். மெனுவில் செலக்ட் பொத்தானை அழுத்தினால் ஆர்க்கின் சின்ன மெனு வரும். யுஎஸ்பி டிவைஸ் என்ற வரியை யுஎம்டி டிஸ்க் என்று மாற்றி, கேபிளைக் குத்தி, யுஎஸ்பி கனெக்ஷன் கொடுத்தால் கணினியில் ஒரே ஒரு ஐஎஸ்ஓ கோப்பு தெரியும், டிஸ்க்கின் முழு நகல் அதுதான். அதைக் காப்பி எடுத்துக்கொள்ளுங்கள். யுஎம்டி மெதுவாகப் படிக்கும், ஒரு ஜிபிக்குக் கால் மணி நேரம் ஆகலாம். டிஸ்க் சுற்றுகிற அந்தக் கரகர சத்தத்தைப் பையன் முதல் தடவையாகக் கேட்டான், உடைந்துவிட்டதா என்று பயந்தான்.

பிறகு கார்டின் வேரில், அதாவது பிஎஸ்பி ஃபோல்டருக்கு உள்ளே இல்லை, வெளியே, ஐஎஸ்ஓ என்று ஒரு ஃபோல்டர் உருவாக்கி அதில் போடுங்கள். டிஸ்க்கைவிட வேகமாகத் திறக்கும், மோட்டார் சுற்றாததால் பாட்டரியும் கூடுதல் நேரம் நிற்கும். உங்களிடம் இல்லாத கேமை இணையத்திலிருந்து இறக்குவது திருட்டுதான், அதற்கு நான் வழி சொல்லப் போவதில்லை. ஆர்வலர்கள் தாங்களே எழுதி இலவசமாகக் கொடுக்கும் ஹோம்ப்ரூ கேம்கள் ஏராளம், அவற்றை கேம் ஃபோல்டரில் போட்டால் போதும்.

எமுலேட்டர்

முதல் ப்ளேஸ்டேஷன் கேம்களுக்கு எமுலேட்டரே தேடவேண்டாம், பாப்ஸ் என்று சோனி செய்ததே பிஎஸ்பிக்குள் இருக்கிறது. உங்கள் டிஸ்க்கைக் கணினியில் ஒரே கோப்பாக நகல் எடுத்து, ஈபூட்டாக மாற்றி, கேமுக்குள் தனி ஃபோல்டரில் போட்டால் மிகச் சுத்தமாக ஓடும்.

கேம்பாய் அட்வான்ஸுக்கு (ஜிபிஏ) ஜிபிஎஸ்பி. அதற்கு ஜிபிஏவின் பயாஸ் கோப்பு, அதாவது அந்த மெஷினை எழுப்பும் அடிப்படை நிரல், பக்கத்திலேயே இருக்க வேண்டும், சரியாக 16 கேபி, அது இல்லாமல் திறக்காது. ஜிபிஏ திரை 240க்கு 160, பிஎஸ்பி திரை 480க்கு 272. உயரத்தை நிரப்பினால் 1.7 மடங்கு, பக்கவாட்டில் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை நிற்கும். முழுத்திரைக்கு இழுத்தால் எல்லாரும் குண்டாகத் தெரிவார்கள், என்னால் பார்க்க முடியாது, பையனுக்கு அதுதான் பிடித்தது.

பழைய கேம்பாய்க்கு மாஸ்டர்பாய், மெகா டிரைவுக்கு பிகோடிரைவ், இரண்டும் குறை சொல்ல இடமில்லாதவை. சூப்பர் நின்டெண்டோவுக்கு ஸ்நெஸ்9எக்ஸ் டிஒய்எல், பெரும்பாலானவை நன்றாக ஓடும், கேட்ரிட்ஜிலேயே கூடுதல் சிப் வைத்து வந்த கேம்கள் திணறும். எமுலேட்டர் மந்தமாக இருந்தால் அதன் மெனுவில் சிபியு வேகத்தை 333 மெகாஹெர்ட்ஸுக்கு ஏற்றுங்கள், ஆனால் பாட்டரி சீக்கிரம் இறங்கும். நின்டெண்டோ 64க்கு டெடலஸ் இருக்கிறது, வேடிக்கை பார்க்கலாம், முழு கேம் ஆட நினைத்தால் மனசு நொந்துபோகும்.

நிரந்தரமாக்கலாமா

லோடர் வழியாகப் போட்ட ஆர்க் மெஷினை முழுதாக அணைத்தால் போய்விடும். பவர் சுவிட்சைச் சின்னதாகத் தட்டினால் அது தூக்கம் மட்டும், ஆர்க் அப்படியே இருக்கும். சுவிட்சை மூன்று நான்கு விநாடி பிடித்தால்தான் முழுதாக அணையும். இந்தத் தொல்லை வேண்டாம் என்பவர்களுக்கு அதே ஜிப்பில் சிஐபிஎல் என்று ஒரு கருவி இருக்கிறது, அது உள் நினைவகத்தில் எழுதி, மெஷின் ஒவ்வொரு முறை எழும்போதும் ஆர்க்கோடே எழச் செய்யும். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால் மெஷின் போயே போச்சு. என்னுடைய 2000இல் போட்டிருக்கிறேன். பையனுடையதில், சந்தேகத்துக்குரிய மாற்று பாட்டரியை நம்பி அதைச் செய்ய எனக்குத் துணிவு வரவில்லை, லோடரோடு விட்டுவிட்டேன்.

எதிர்பார்த்த மாதிரியே மூன்றாம் நாள் ராத்திரி போன் வந்தது. "அண்ணா, சார்ஜ் தீர்ந்து அணைஞ்சிடுச்சு, திரும்பப் போட்டா கேம் எல்லாம் காணோம், அழிஞ்சிடுச்சா?"

"அழியலடா. கேம், மெமரி ஸ்டிக், ஆர்க் லோடர், எக்ஸ். அமுக்கு."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "ம், வந்துடுச்சு" என்றான், போனை வைத்துவிட்டான்.