மூக்கைத் தூக்காத செஸ்னா: வீட்டுச் சிமுலேட்டரில் விமானம் கட்டுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு தம்பி, எக்ஸ்-பிளேன் என்ற விமான சிமுலேட்டரில் தானே கட்டிய செஸ்னா 172எஸ் என்ற சிறு விமானத்தை எனக்கு அனுப்பியிருந்தான். "அண்ணே, எல்லாம் சரியா இருக்கு. இறங்கும்போது மட்டும் மூக்கு தூக்க மாட்டேங்குது. ஒரு தடவை பாருங்களேன்." கோப்பைத் திறந்ததும் என் கண் நேராக எலிவேட்டர், அதாவது மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடல், எவ்வளவு திரும்பும் என்ற அளவுக்குத்தான் போனது. மேல்நோக்கி 35 டிகிரி. நிஜ விமானத்தில் 28. மீதி ஏழு டிகிரி எங்கிருந்து வந்தது என்று அவனிடம் கேட்கவில்லை. ஆறு வருடத்துக்கு முன் நானும் அதே 35-ஐத்தான் போட்டிருந்தேன்.

ஜாய்ஸ்டிக்கை அளவு சரிபாருங்கள், டிரைவரைப் புதுப்பியுங்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அது பெட்டியிலேயே அச்சிட்டிருக்கிறது.

வேகமானி முள்ளைப் பார்த்து இன்ஜினை ஊதுவது

172எஸ் 8,500 அடி உயரத்தில், 75 சதவீத சக்தியில் 124 நாட் (மணிக்கு அத்தனை கடல் மைல்) போகும் என்பது செஸ்னா தரும் கணக்கு. அது காற்றில் விமானம் உண்மையாக நகரும் வேகம். அந்த உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் வேகமானி முள் 109 பக்கத்தில்தான் நிற்கும். இது தெரியாமல், பதினைந்து நாட் குறைகிறதே என்று 180 குதிரைத்திறனை 210 ஆக்குகிறார்கள். மறுநாள் விமானம் தீபாவளி ராக்கெட் மாதிரி ஏறுகிறது. அதை அடக்க எடையைக் கூட்டுகிறார்கள். எடை கூடியதும் ஸ்டால் வேகம், அதாவது சிறகு தூக்கும் விசையை இழக்கும் வேகம், ஏறுகிறது. கடைசியில் படத்தில் மட்டும் செஸ்னா.

ஈர்ப்பு மையத்தை அளக்காமல் மற்றதையெல்லாம் திருத்துவது

இதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு எரிச்சல்தான். மூன்று மாத இரவுகளை இதற்குக் கொடுத்திருக்கிறேன்.

எக்ஸ்-பிளேன் சிறகைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டின் மீதும் காற்று தரும் விசையைக் கணக்கிட்டுக் கூட்டுகிறது. வடிவத்தையும் எடையையும் ஒழுங்காகக் கொடுத்தால் விமானம் ஏறத்தாழ ஒழுங்காகப் பறக்கும். பொய்யைக் கொடுத்தால் அந்தப் பொய்யையும் அதே நேர்மையோடு கணக்கிட்டுத் தரும்.

172எஸ் கையேட்டில் ஈர்ப்பு மைய எல்லைகள் ஃபயர்வாலின் கீழ்ப்பகுதி முன்முகத்திலிருந்து அளக்கப்படுகின்றன. இன்ஜினையும் கேபினையும் பிரிக்கும் தகடுதான் ஃபயர்வால். முழு எடையான 2,550 பவுண்டில் மையம் 41 அங்குலத்துக்கும் 47.3 அங்குலத்துக்கும் இடையில் இருக்க வேண்டும். இடைவெளி 6.3 அங்குலம். 27 அடி நீள விமானத்துக்கு ஒரு சாண்கூட இல்லை.

எக்ஸ்-பிளேனுக்கு விமானம் கட்டும் மென்பொருளான பிளேன் மேக்கரில் அளவின் தொடக்கப்புள்ளி நாம் வைத்ததுதான். நான் மூக்கு நுனியில் வைத்திருந்தேன். ஆகவே நுனியிலிருந்து ஃபயர்வால் எவ்வளவு தூரம் என்று தெரிய வேண்டும். ஒரு மங்கலான பக்கவாட்டுப் படத்தில் இருந்த கோட்டை ஃபயர்வால் என்று எடுத்துக்கொண்டேன். அது இன்ஜின் மூடியில் ஏதோ ஒரு தகட்டு இணைப்பு. உண்மையான இடத்துக்கு 9 அங்குலம் முன்னால் இருந்தது. நான் 44 என்று நினைத்து எழுதிய மையம் உண்மையில் 35-ல் போய் உட்கார்ந்துவிட்டது.

9 அங்குலத்துக்கே விமானம் பறக்க மறுத்திருந்தால் அன்றே கண்டுபிடித்திருப்பேன். பறந்தது, அதுதான் வினை. 55 நாட்டில் எழ வேண்டிய முன்சக்கரம் 70-ல் எழுந்தது. மீனம்பாக்கம் 07-ம் ஓடுபாதையில் இறங்கும்போது கட்டுப்பாட்டை முழுக்க இழுத்தும் மூக்கு நிமிரவில்லை. எலிவேட்டரை 35 டிகிரி ஆக்கினேன், நிமிர்ந்தது. ஆனால் நேராகப் பறக்கையில் விரல் பட்டாலே துள்ளியது. கை அசைவுக்கு விமானம் எவ்வளவு பதில் தரும் என்பதைக் காட்டும் ஜாய்ஸ்டிக் வளைவைத் தட்டையாக்கினேன். கட்டுப்பாட்டைப் பிடித்துக்கொண்டே இருக்காமல் மூக்கை நிலைநிறுத்தும் டிரிம் போதவில்லை. வால் சிறகைச் சாய்த்தேன். இறங்கும்போது சிறகின் பின்விளிம்பில் இறக்கும் மடலான ஃபிளாப்பை இறக்கியதும் மூக்கு வேறு திசையில் ஓடியது. சிறகின் குறுக்குவெட்டையே மாற்றினேன், ஸ்டால் கெட்டது. முன்பாரத்தைத் தாங்க வால் கூடுதலாகக் கீழே அழுத்துகிறது, அந்த அழுத்தத்தையும் சேர்த்துச் சிறகு தூக்குகிறது, அதனால் வேகம் குறைகிறது. இது புரியாமல் குதிரைத்திறனையும் கூட்டினேன். மேலே திட்டினேனே, அந்த ஆட்களில் நானும் ஒருவன்.

ஒரு ஓட்டையை அடைக்க இன்னொரு சுவரை இடித்துக்கொண்டே போனேன். ஒவ்வொரு திருத்தமும் அன்றைய ராத்திரிக்கு வெற்றி மாதிரி இருந்தது என்பதுதான் இந்தத் தவறின் சூது.

கண்டுபிடித்தது வானத்தில் அல்ல, தரையில். ஒருநாள் சலித்துப்போய், இன்ஜினை நிறுத்திவிட்டு, சக்கரங்கள் தாங்கும் விசையைத் திரையில் காட்டும்படி வைத்தேன். ஹாங்கரில் விமானத்தை எடை போடுகிறவர்களும் இதைத்தானே செய்கிறார்கள்? மூன்று சக்கரத்துக்கும் கீழே தராசு வைத்து மையத்தைக் கணக்கிடுகிறார்கள். முன்சக்கரம் மொத்த எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சுமந்துகொண்டிருந்தது. ஐந்தில் ஒரு பங்கு, சற்றே மேலே என்றிருக்க வேண்டும். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரங்களுக்கும் இடையே 65 அங்குலம்; மையம் 9 அங்குலம் முன்னால் போனால் எடையில் 14 சதவீதம் முன்சக்கரத்தில் ஏறும். கணக்கு அச்சாகப் பொருந்தியது. ஐந்து நிமிட வேலை. இதை முதல் நாளே செய்திருக்கலாம்.

மையத்தைச் சரியான இடத்துக்கு நகர்த்தியதும் விமானம் இன்னும் மோசமானது. ஏன் ஆகாது? மற்ற பொய்கள் எல்லாம் அப்படியே இருந்தன. எதை எப்போது மாற்றினேன் என்று எங்கும் குறித்துவைக்கவில்லை, பழைய கோப்பின் நகலும் இல்லை. வெறும் கோப்பிலிருந்து மறுபடி கட்டினேன். இரண்டாவது முறை பதினோரு நாள்தான் ஆனது.

தம்பியிடம் எலிவேட்டரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "முன்சக்கரம் எவ்வளவு தாங்குதுன்னு பாத்துட்டு சொல்லு" என்றேன். இரவு பதினொன்றரைக்குப் பதில் வந்தது: "அண்ணே, 38 சதவீதம். இது அதிகமா?"

ஜாய்ஸ்டிக்கின் குற்றத்தை விமானத்தின் தலையில் கட்டுவது

நிஜ செஸ்னாவில் வேகம் கூடக்கூட கட்டுப்பாடு கையில் கனக்கும். டிரிம் போட்டால் அந்தக் கனம் போய்விடும். மேசை ஜாய்ஸ்டிக்கின் சுருள் நின்றாலும் பறந்தாலும் ஒரே கனம், நகரும் தூரமும் சில அங்குலம்தான். அதனால் எந்த விமானமும் கொஞ்சம் துள்ளலாகத்தான் தெரியும். எக்ஸ்-பிளேனோடு கூடவே வரும் செஸ்னாவை முதலில் அதே ஜாய்ஸ்டிக்கில் ஓட்டிப் பாருங்கள். அதுவும் துள்ளினால் உங்கள் கோப்பைத் தொடாதீர்கள்.

காட்சிக் கோணம்

24 அங்குலத் திரைக்கு 60 செ.மீ. தள்ளி உட்கார்ந்தால், அது உங்கள் பார்வையில் அடைப்பது சுமார் 48 டிகிரி. சிமுலேட்டரின் காட்சிக் கோணத்தைக் கூட்டி அதில் 100 டிகிரியைத் திணித்தால் ஓடுபாதை தூரத்தில் நூலாகத் தெரியும், வேக உணர்வும் பிசகும். பிறகு இறங்கும் வேகம் பொய்யாக இருக்கிறது என்று புகார். கோணத்தைக் குறைத்தால் பக்கவாட்டில் பார்க்க முடியவில்லை என்பது உண்மைதான். தலையைத் திருப்ப ஒரு பட்டனை வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே நாளில் இரண்டு மாற்றம்

வேண்டாம்.

ஏறும்போது இடப்பக்கம் இழுக்கிறது, இது பிழையா?

பிழை இல்லை, புரொப்பெல்லர். வலது கால் பெடலை மிதியுங்கள்.