நாய் க்ரூமிங் வேனை முதன்முறையாக வீட்டுக்கு அழைப்பவர்களுக்கு

நாயைக் குளிப்பாட்டி, முடியைச் சீர்செய்து, நகம் வெட்டிவிடும் க்ரூமிங் வேன்கள் தஞ்சாவூர், கும்பகோணம் நகரங்களைத் தாண்டி எங்கள் பாபநாசம் பக்கத்துக் கிராமங்களுக்கும் வரத் தொடங்கிவிட்டன. நாயை ஆட்டோவில் ஏற்றி, அது மிரண்டு குதித்துவிடுமோ என்று கழுத்துப்பட்டையை இறுகப் பிடித்தபடி நகரத்துக்குப் போய்வந்த எங்களைப் போன்றவர்களுக்கு இது பெரிய உதவி. ஆனால், வண்டி வாசலுக்கே வந்துவிடுவதால் எல்லாவற்றையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்று நாம் எண்ணிவிடுகிறோம். க்ரூமர் நம் நாயைப் பார்ப்பது ஒரு மணி, ஒன்றரை மணி நேரம்தான். எந்தக் காதைத் தொட்டால் அது உறுமும், எந்தக் காலில் பழைய அடி இருக்கிறது, போன மாதம் என்ன மருந்து கொடுத்தோம் என்பதெல்லாம் நமக்குத்தான் தெரியும். அவற்றை உரிய நேரத்தில் சொல்லி, வேலை முடியும்வரை அருகிலேயே நின்றால்தான் இந்தச் சேவை நாய்க்கு நன்மையாக அமையும். என்ன செய்ய வேண்டும் என்பதை வரிசையாக எழுதுகிறேன்.

முதல் படி: நாய் இதற்குத் தயாராக இருக்கிறதா?

குட்டிக்கு முதல் சுற்றுத் தடுப்பூசிகள் முடிவதற்கு முன் வேனை அழைக்க வேண்டாம். அந்தத் தொட்டியிலும் மேசையிலும் அன்று காலையிலேயே வேறு வீட்டு நாய்கள் நின்றிருக்கும். பார்வோ வைரஸ் குட்டிகளின் குடலைத் தாக்கி, வாந்தியும் இரத்தக் கழிச்சலுமாக இரண்டு மூன்று நாட்களில் உயிரையே கொண்டுபோய்விடக் கூடியது. அது பொருட்களின் மீது மாதக்கணக்கில் தங்கும், சோப்புப் போட்டுக் கழுவினால் மட்டும் அழியாது. வழக்கமாகக் குட்டிக்கு நான்கு மாதம் ஆகும் தறுவாயில் முதல் சுற்று ஊசிகள் முடிந்துவிடும். அதற்குப் பிறகு இரண்டு வாரம் பொறுத்து அழைத்தால் போதும். வளர்ந்த நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி காலம் தவறாமல் போடப்பட்டிருக்க வேண்டும். இது க்ரூமரின் உயிர்ப் பாதுகாப்பும் ஆகும். ஊசி அட்டையை அவர் கேட்காவிட்டாலும் நீங்களே எடுத்துக் காட்டுங்கள்.

காய்ச்சல், தோலில் புண், காதிலிருந்து நாற்றம், ஓயாத சொறிதல் ஆகியவற்றில் எது இருந்தாலும் முதலில் மருத்துவரிடம் காட்ட வேண்டும். நம் பகுதியிலேயே ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்துக்கும் கொண்டுபோகலாம். க்ரூமர் மருத்துவர் அல்லர். நாய் அடங்கவில்லை என்று மயக்க மருந்து கொடுக்க அவர் முன்வந்தால், கண்டிப்பாக மறுத்துவிடுங்கள்.

இரண்டாம் படி: தொலைபேசியில் கேட்க வேண்டியவை

நாயின் இனம், வயது, எடை, குணம் ஆகியவற்றை முதலில் சொல்லிவிடுங்கள். முன்பு யாரையாவது கடித்திருந்தால் அதை மறைக்கக் கூடாது. தெரிந்து வந்தால் க்ரூமர், கடிக்காதிருக்க நாயின் வாயில் மாட்டும் கடிவாய்க் கூடு கொண்டுவருவார், உதவிக்கு இன்னொருவரையும் அழைத்து வருவார்.

பிறகு தண்ணீரைப் பற்றிக் கேளுங்கள். சில வண்டிகளில் தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கும். சில வண்டிகள் நம் வீட்டுக் குழாயை நம்பி வரும். நாகப்பட்டினம், வேதாரண்யம் போன்ற கடலோரப் பகுதிகளில் ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பாக இருந்தால் ஷாம்பு சரியாக நுரைக்காது, அலசவும் நேரமாகும். அலசாமல் தங்கிய ஷாம்புதான் மறுநாள் அரிப்பாக வெளிப்படும். அப்படிப்பட்ட ஊராக இருந்தால் வண்டியிலேயே நல்ல தண்ணீர் கொண்டுவரச் சொல்வது நல்லது. மின்சாரமும் அப்படியே. முடி உலர்த்தும் புளோயர் நிறைய மின்சாரம் இழுக்கும். வண்டியில் ஜெனரேட்டர் இல்லையென்றால், மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்தடை அறிவித்திருக்கும் நாளில் அழைத்துவிட்டு ஈர நாயோடு நிற்க நேரிடும்.

ஒரு நாய்க்கும் அடுத்த நாய்க்கும் இடையில் சீப்பு, கத்தரி, டிரிம்மர், மேசை ஆகியவற்றை எப்படிச் சுத்தம் செய்கிறீர்கள் என்ற கேள்வியைக் கேட்கப் பலரும் கூச்சப்படுகிறார்கள். அவசியம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். படர்தாமரை டிரிம்மர் வழியாக ஒரு நாயிலிருந்து இன்னொரு நாய்க்கும், அந்த நாயிடமிருந்து வீட்டுக் குழந்தைகளுக்கும் பரவும். நல்ல க்ரூமர் இந்தக் கேள்விக்கு முகம் சுளிக்க மாட்டார். என்ன கிருமிநாசினி, எவ்வளவு நேரம் ஊறவைக்கிறார் என்று தாமாகவே சொல்வார்.

ஷாம்பு நாய்களுக்கென்றே தயாரித்ததா என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். மனிதத் தோல் சற்று அமிலத்தன்மை கொண்டது. நாயின் தோல் நடுநிலையை ஒட்டியது. நம் ஷாம்புவும் பாத்திரம் தேய்க்கும் திரவமும் அதன் தோலை வறட்டிவிடும். டீ ட்ரீ எண்ணெய் கலந்ததை மூலிகை என்று சொன்னாலும் வேண்டாம், அது நாய்க்கு நஞ்சாகக் கூடியது. கட்டணத்தில் குளியல், முடி வெட்டு, நகம், காது ஆகியவற்றில் எவை அடங்கும் என்பதை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தூரத்துக்குத் தனியாகக் கேட்டால், தெருவில் இரண்டு மூன்று வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரே நாளில் அழைக்கலாம்.

மூன்றாம் படி: ஒரு வாரப் பழக்கம்

பெரும்பாலான நாய்கள் அஞ்சுவது தண்ணீருக்கு அன்று, புளோயரின் இரைச்சலுக்கு. ஒரு வாரத்துக்கு முன்பிருந்தே, நாய் திண்ணையில் இருக்கும்போது அடுப்படியில் மிக்ஸியை ஓடவிட்டு, அந்த நேரத்தில் அதற்குப் பிடித்த தின்பண்டத்தைச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். நாளுக்கு நாள் தூரத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். மாலையில் மடியில் கிடக்கும்போது பாதத்தைக் கையில் ஏந்தி விரல்களைப் பிரித்துப் பாருங்கள்; காது மடலைத் தூக்கிப் பாருங்கள். இதற்கு ஐந்து நிமிடம் ஒதுக்கினால் போதும்.

நான்காம் படி: முந்தைய நாள் உண்ணியும் சிக்கும் பார்ப்பது

டெல்டாவில் நாய் வளர்ப்பவர்களுக்கு உண்ணியைப் பற்றி விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். மாட்டுக்கொட்டகையும் வைக்கோல் போரும் பழைய சாக்குகளும் உள்ள வீடுகள் நம்முடையவை. நாய் உறங்குவதும் அங்கேதான். நாயின் உடலை வெளிச்சத்தில் வைத்து, காது மடலின் உட்புறம், கழுத்துப்பட்டைக்கு அடியில், அக்குள், விரலிடுக்கு, வாலின் அடிப்பகுதி என்று ஒவ்வொரு இடமாக விரலால் தடவிப் பாருங்கள். எள் அளவில் பழுப்பாகத் தட்டுப்படுவது பசித்திருக்கும் உண்ணி. சாம்பல் நிறத்தில் உளுந்து போல உப்பியிருப்பது இரத்தம் குடித்த பெண் உண்ணி. முள்வாங்கியால் தோலை ஒட்டியவாறு பிடித்து, முறுக்காமல், நசுக்காமல் நேராக இழுத்து எடுக்க வேண்டும். மண்ணெண்ணெய் ஊற்றுவதும் நெருப்பால் சுடுவதும் கூடவே கூடாது.

க்ரூமர் உண்ணிகளை எடுத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று நினைத்துவிடாதீர்கள். இரத்தம் குடித்த பெண் உண்ணி நாயிலிருந்து தானே கீழே விழுந்து, சுவர் வெடிப்பிலும் சாக்கு மடிப்பிலும் புகுந்து ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அதன் வாழ்நாளில் பெரும்பகுதி கழிவது நாயின் மீது அன்று, நம் வீட்டுச் சுவரில்தான். ஆகவே வேன் வரும் நாளிலேயே நாயின் சாக்கை வெந்நீரில் போட்டு அலசி வெயிலில் காயவைத்து, அது படுக்கும் மூலையின் வெடிப்புகளை அடைத்துவிடுங்கள். உண்ணிக் கடியால் வரும் காய்ச்சலில் நாய் சோற்றை ஒதுக்கும், ஈறு வெளிறிப்போகும், சில சமயம் மூக்கிலிருந்து இரத்தம் வரும். இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் க்ரூமிங்கைத் தள்ளிவைத்து, அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். முதுகில் சொட்டுவிடும் உண்ணி மருந்து போட்டிருந்தால், அதற்கு முன்னும் பின்னும் இரண்டு நாட்களுக்குக் குளியல் கூடாது. மாத்திரை கொடுத்திருந்தால் அதன் பெயரை க்ரூமரிடம் சொல்லுங்கள். அவர் பங்குக்கு மருந்துக் குளியலும் கொடுத்துவிட்டால் அளவு மிஞ்சிவிடக் கூடும்.

அடுத்தது சிக்கு. வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் ஓடித் திரியும் நாயின் வயிற்று முடியில் நாயுருவி முட்களும் ஒட்டுப்புல்லும் அப்பிக்கொண்டிருக்கும். தை மாத அறுவடை நேரத்தில் இது இன்னும் அதிகம். சிக்கு நனைந்தால் சுருங்கி, தோலோடு இறுகிவிடும். பிறகு கத்தரியை உள்ளே விடுவதற்குக்கூட இடம் இருக்காது. ஆகவே சிக்கு எடுப்பது எப்போதும் குளியலுக்கு முன்பே நடக்க வேண்டிய வேலை. காதுக்குப் பின்புறம், தொடையிடுக்கு, கழுத்துப்பட்டை உராயும் இடம் ஆகியவற்றில் சீப்பை வேர்வரை விட்டு இழுத்துப் பாருங்கள். எங்கு தடுக்கிறதோ அங்கு நுனியிலிருந்து தொடங்கி விரலால் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: வேன் வரும் நாள்

இரண்டு மூன்று மணி நேரத்துக்கு முன்பே உணவை முடித்துவிட்டு, சிறுநீர் கழிக்க நடத்திக் கொண்டுவாருங்கள். கத்திரி வெயில் காலத்தில் காலை எட்டு மணிக்கு முன் வரச் சொல்லுங்கள். மார்கழியில் வெயில் ஏறிய பிறகு பத்து மணிக்கு மேல் போதும். வண்டி நிற்க மேடுபள்ளமில்லாத நிழலான இடம் வேண்டும். கும்பகோணத்தின் சில தெருக்களில் வேன் நுழையவே முடியாது என்பதால், தெருவின் அகலத்தை முன்கூட்டியே சொல்லிவிடுவது இருவருக்கும் நல்லது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் முடி முழுவதும் உலர்வது கடினம். நீண்ட முடியுள்ள நாய்க்கு வானம் வெளுத்திருக்கும் நாளாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: முடியை எவ்வளவு வெட்டுவது

எங்கள் ஜூலி வெள்ளைப் பொமரேனியன். ஒரு சித்திரை மாதத்தில், வெயிலுக்கு இதமாக இருக்கும் என்று நானே சொல்லி, அதன் முடியை ஒட்ட மழித்துவிடச் செய்தேன். வந்த பையன் ஒருமுறை தயங்கி, "அக்கா, முழுசா எடுத்துடலாமா?" என்று கேட்டான். நான் யோசிக்கவில்லை. அன்று மாலையே ஜூலி கட்டிலுக்கு அடியில் போய் ஒடுங்கிக்கொண்டது. ஒரு வாரத்தில் முதுகுத் தோல் சிவந்தது. முடி திரும்ப வளர்ந்தபோது இடுப்பில் இரண்டு இடங்கள் சொட்டையாகவே நின்றுவிட்டன. பஞ்சு போல இருந்த முடி, தேங்காய் நார் போல ஆகிவிட்டது.

பொமரேனியன், லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், ஜெர்மன் ஷெப்பர்ட் ஆகிய நாய்களுக்கு இரண்டு அடுக்கு முடி உண்டு. மேல் அடுக்கு வெயில் நேராகத் தோலில் படாமல் தடுக்கிறது. இரண்டு அடுக்குக்கும் இடையில் தங்கும் காற்று, ஓலைக் கூரை வீட்டைக் காப்பதுபோல, வெளிச்சூட்டை உள்ளே விடுவதில்லை. நாய் நம்மைப் போல உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. பாதங்களில் மட்டும் சிறிது வியர்க்கும், மற்றபடி மூச்சிரைத்தே சூட்டைத் தணித்துக்கொள்கிறது. ஆகவே முடியை மழிப்பதால் அதற்குக் குளிர்ச்சி கிடைப்பதில்லை. இந்த நாய்களுக்கு உள்முடியில் உதிர்ந்து தங்கியிருப்பதைச் சீவி எடுக்கச் சொல்லுங்கள். பாதம், ஆசனவாய் ஆகியவற்றைச் சுற்றி மட்டும் கத்தரிக்கச் சொல்லுங்கள். ஷிட்சு, பூடில் போன்றவற்றுக்கு முடி வளர்ந்துகொண்டே இருக்கும் என்பதால் அவற்றுக்கு வெட்டுவது அவசியம். நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை செய்யலாம். சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் ஆகிய நம் நாட்டு நாய்களுக்குக் கத்தரியே தேவையில்லை, மென்மையான பிரஷ் போதும்.

ஏழாம் படி: வேலை நடக்கும்போது

கண்ணில் படும் தூரத்தில் நில்லுங்கள். உங்களைக் கண்டு நாய் துள்ளினால் ஓரடி மறைந்து நிற்கலாம், ஆனால் வீட்டுக்குள் போய்விட வேண்டாம். மேசையில் நாயைக் கழுத்துச் சுருக்கில் மாட்டியிருக்கும் நேரத்தில் க்ரூமர் ஒரு நொடியும் அகலக் கூடாது. நாய் குதித்தால் சுருக்கு இறுகிவிடும். புளோயர் காற்றை உங்கள் முன்கையில் வாங்கிப் பாருங்கள், உங்களுக்குச் சுட்டால் அதற்கும் சுடும். டிரிம்மரின் பிளேடும் ஓட ஓடச் சூடேறும் என்பதால் அவ்வப்போது நிறுத்தித் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பக், ஷிட்சு போன்ற சப்பை மூக்கு நாய்கள் சூட்டைத் தாங்கா. வாய் அகலத் திறந்து கடுமையாக மூச்சிரைத்து, நாக்கு கருஞ்சிவப்பாகி, எச்சில் கெட்டியாக வழிந்தால் வேலையை அந்த இடத்திலேயே நிறுத்தி, நிழலுக்குக் கொண்டுவந்து, தண்ணீரால் நனைத்து விசிறியபடி மருத்துவரை அழைக்க வேண்டும்.

கடிவாய்க் கூடு போடுவதில் தவறில்லை. நாய் மூச்சிரைக்க இடம் விடும் கூடையாக அது இருக்க வேண்டும். துணியால் வாயை இறுகக் கட்டினால் சில நிமிடங்களுக்கு மேல் விடக் கூடாது.

நகத்தில் உள்ளே ஓடும் இரத்த நாளம் வெள்ளை நகத்தில் இளஞ்சிவப்பாகத் தெரியும், கறுப்பு நகத்தில் தெரியாது. கறுப்பு நகத்தைச் சிறிது சிறிதாகவே சீவ வேண்டும். தவறி இரத்தம் வந்துவிட்டால் இரத்தம் நிறுத்தும் பொடியை அழுத்தலாம்; அது இல்லாதபோது சோள மாவு உதவும். சிமெண்டுத் தெருவில் நடக்கும் நாய்க்கு நகம் ஓரளவு தானே தேயும். நம் களிமண் வயல்களில் நடப்பதற்குத் தேயாது. காலின் உட்புறம் மேலே இருக்கும் கட்டைவிரல் நகம் தரையில் படுவதே இல்லை, வளைந்து சதைக்குள் இறங்கிவிடும். அதை மறக்காமல் காட்டி வெட்டச் சொல்லுங்கள்.

எட்டாம் படி: வேன் கிளம்பும் முன்

பணம் கொடுப்பதற்கு முன் நாயைத் தலை முதல் வால்வரை தடவிப் பாருங்கள். விரலிடுக்கு, காதின் உட்புறம், வயிற்று மடிப்பு ஆகியவற்றில் ஈரம் இருந்தால் துடைக்கச் சொல்லுங்கள். தொங்கு காதுள்ள நாய்க்கு மழைக்காலத்தில் காதுச் சீழ் இந்த ஈரத்திலிருந்தே தொடங்குகிறது. சிவந்த கீறல் அல்லது டிரிம்மர் சூடு பட்ட தடம் இருந்தால் அப்போதே படம் எடுத்து, க்ரூமரிடம் அமைதியாகக் காட்டிவிடுங்கள். அடுத்த இரண்டு நாட்களுக்கு அது ஓயாமல் தலையை உதறுகிறதா, ஒரே இடத்தை நக்குகிறதா என்று கவனித்து, ஊசி அட்டையின் பின்பக்கத்தில் தேதியையும், என்ன ஷாம்பு போட்டார், எத்தனை உண்ணி எடுத்தார் என்பதையும் குறித்துவையுங்கள். அடுத்த முறை வேனை அழைக்கும்போது அந்தக் குறிப்பிலிருந்தே பேச்சைத் தொடங்கலாம்.