அயர்லாந்து வெட் ஃப்ளை: கடைசி இரண்டு கஜத்தில் கோட்டைவிடாதீர்கள்

மே மாத நடுவில் மேஃப்ளை பூச்சிகள் நீரிலிருந்து கிளம்பத் தொடங்கியதும் அயர்லாந்தின் கோரிப், மாஸ்க், ஷீலின் ஏரிகளுக்கு ட்ரௌட் என்ற நன்னீர் மீனைத் தூண்டிலில் பிடிக்கப் புதியவர்கள் வந்துவிடுவார்கள். தாங்களே கட்டிய ஃப்ளைகளைப் பெட்டி நிறையக் கொண்டுவருவார்கள். கற்றுக்கொண்ட காலத்தில் நாங்கள் செய்த அதே தவறுகளை அவர்களும் செய்வதைப் பார்க்கும்போது மனம் கேட்பதில்லை. முடிச்சு நழுவுவது, முள் மழுங்குவது, வீசும்போது பக்கத்தில் இருப்பவரின் தொப்பியில் மாட்டுவது ஆகியவற்றை இங்கே எழுதப்போவதில்லை. ஒரு நாள் பட்டால் அவை தாமே திருந்திவிடும்.

பழக்கம் இல்லாதவர்களுக்காக ஒரு விளக்கம். தூண்டில் முள்ளின்மேல் மயிர், இறகு, ஜரிகை சுற்றிக் கட்டும் செயற்கைப் பூச்சியைத்தான் ஃப்ளை என்கிறோம். நீர்மட்டத்துக்குக் கீழே இழுப்பது வெட் ஃப்ளை. அயர்லாந்து ஏரிகளில் படகைக் காற்றுக்குக் குறுக்காகத் திருப்பி மிதக்கவிட்டு, காற்று போகும் திசையில் முன்னால் வீசி, நம்மை நோக்கி இழுப்பது வழக்கம். ஒரே நரம்பில் மூன்று ஃப்ளைகள் இருக்கும். கம்புக்கு மிக அருகில் இருப்பது பாப், நுனியில் இருப்பது பாயிண்ட், நடுவில் ஒன்று.

கம்பை அவசரமாகத் தூக்கிவிடுவது

என்னை இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான். ஒரு நாள் படகு வாடகையும் படகோட்டியின் கூலியும் சேர்ந்தால் சிறிய தொகை இல்லை. போதிய அலை, மேகமூட்டம், சரியான பருவம் மூன்றும் ஒன்றாக அமையும் நாளோ பணம் கொடுத்தாலும் கிடைக்காது. அப்படி ஒரு நாளை முழுவதுமாக வீணாக்கும் தவறு இது.

அயர்லாந்து ஃப்ளைகள் ஏன் இவ்வளவு புசுபுசுவென்று இருக்கின்றன என்று யாரும் யோசிப்பதில்லை. அயர்லாந்து உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்த டி.சி. கிங்ஸ்மில் மூர் உருவாக்கிய பம்பிள் வகைகளைப் பாருங்கள். உடல் முழுவதும் இரண்டு சேவல் இறகுகளைச் சேர்த்துச் சுற்றி, தோளில் நீல நிற ஜே பறவையின் இறகு வைத்தவை அவை. அந்த இறகுக் கூட்டத்துக்கு வேலை தூரத்தில் இல்லை. படகுக்கு முன்னால் கடைசி இரண்டு கஜ நீரில்தான். நரம்பு சுருங்கச் சுருங்கக் கம்பை மெல்ல உயர்த்தினால் பாப் ஃப்ளை நீர்மட்டத்தைக் கிழித்துக்கொண்டு மேலே வரும். அலையின் சரிவில் அதைத் தத்தித் தத்தி நடக்கவிட்டு, அப்படியே பிடித்து வைக்க வேண்டும். மற்ற இரண்டும் அதன் கீழே தொங்கிக்கொண்டிருக்கும். அதுவரை பின்தொடர்ந்து வந்த ட்ரௌட், இரை தப்பப்போகிறது என்று பாய்வது அந்த நொடியில்தான். பாப்பைப் பார்த்து எழும்பிவிட்டு, திரும்பும் வழியில் நடு ஃப்ளையைக் கவ்வுவதும் உண்டு.

புதியவர்கள் இந்த இடத்துக்கு வருவதே இல்லை. போன பருவத்தில் என்னோடு படகில் இருந்த இளைஞர் அழகாக வீசினார், மிக நீளமாகவும் வீசினார். இருபது மீட்டர் தள்ளி விழுந்த ஃப்ளைகளை வேகவேகமாக இழுத்து, பாதி வழியிலேயே கம்பைப் பின்னால் சுழற்றி அடுத்த வீச்சுக்குப் போய்விடுவார். அவருடைய பாப் ஃப்ளை நீரைவிட்டு எழும்பிய இடத்தில் மஞ்சள் விலா ஒன்று புரண்டதை நான் பார்த்தேன், படகோட்டியும் பார்த்தார். அவர் மட்டும் பார்க்கவில்லை. அவர் கண் அதற்குள் அடுத்த வீச்சில் இருந்தது. மீன் எழும்பவில்லை என்று சொல்லிப் பெட்டியைத் திறந்து ஃப்ளையை மாற்றினார். காலை முழுவதும் இதே கதை.

தீர்வு இதுதான். பத்து அல்லது பதினோரு அடிக் கம்பு வைத்துக்கொள்ளுங்கள். எட்டு முதல் பத்து மீட்டருக்கு மேல் வீசாதீர்கள். படகு ஃப்ளையை நோக்கியே நகர்வதால் நரம்பு தொய்ந்துவிடும். படகின் வேகத்தைவிடச் சற்றே வேகமாக இழுங்கள். பாதி இழுத்ததும் கம்பை உயர்த்தத் தொடங்குங்கள். பாப் மேலே வந்த பிறகு மனதுக்குள் மூன்று எண்ணுங்கள். இழுத்த ஒவ்வொரு முறையும் எண்ணுங்கள், மீன் தெரியாத வீச்சிலும் எண்ணுங்கள். மீன் தெரிந்துவிட்டால் பதறிக் கம்பை வெட்டக் கூடாது. மேஃப்ளை காலத்துப் பெரிய ட்ரௌட் நிதானமாகத் தலையைக் காட்டி, வாயை மூடி, கீழே திரும்பும். அது திரும்பியதும் கம்பை உயர்த்தினால் போதும்.

சீல் மயிரை இறுக்கித் திரிப்பது

கட்டும் மேசையில் நடக்கும் தவறுகளில் இதுவே பெரிது. பழைய அயர்லாந்து ஃப்ளைகளின் உடலுக்குச் சாயமேற்றிய சீல் (கடல்நாய்) மயிரைப் பயன்படுத்தினார்கள். ஒவ்வொரு இழையும் தடித்து, பளபளத்து, ஒளியை உள்ளே விடும். பாலிஷானன் ஊரில் ஃப்ளை கட்டிய ரோகன் குடும்பம் பேர்வாங்கிய ஃபயரி பிரௌன் என்ற ஃப்ளையைச் சன்னலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நடுவில் அடர்ந்த செம்பழுப்பு. விளிம்பில் பிரிந்து நிற்கும் இழைகள் மட்டும் தணல் நிறத்தில் எரியும். அந்த விளிம்புதான் ஃப்ளைக்கு உயிர். புதியவர்கள் நூலில் மெழுகு பூசி, நிறைய மயிரை வைத்து, விளக்குத் திரி போல முறுக்கிச் சுற்றுகிறார்கள். நனைந்தால் அது ஒளி புகாத கட்டை. குறைவாக எடுங்கள், தளர்வாகத் திரியுங்கள், கட்டி முடித்த பின் ஊசி முனையால் இழைகளை வெளியே இழுத்துவிடுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2009-இல் சீல் பொருள் விற்பனைக்குத் தடைச் சட்டம் கொண்டுவந்ததால் இன்று பெரும்பாலும் மாற்று இழைகள்தாம். சொன்ன முறை அவற்றுக்கும் பொருந்தும்.

இறகின் மேல் ஜரிகையை ஒரே திசையில் ஓட்டுவது

இறகைத் தோளிலிருந்து வால்வரை சுற்றியபின், ஜரிகையை எதிர்த் திசையில் சுற்றி மேலே கொண்டுவாருங்கள். இறகின் தண்டை ஒவ்வொரு சுற்றிலும் அது குறுக்காக அழுத்திப் பிடிக்கும். ஒரே திசையில் ஓட்டினால் இழைகளுக்கு இடையில் புதைந்துபோகும். முதல் ட்ரௌட்டின் பல் பட்டதும் இறகு முழுவதும் அவிழ்ந்துவிடும்.

தலைக்கு இடம் விடாமல் கட்டுவது

நூலை முடிந்து தலை கட்ட, முள்ளின் கண்ணுக்குப் பின்னால் இரண்டு மில்லிமீட்டர் காலியாக இருக்கட்டும்.

பருத்த ஃப்ளையைப் பாயிண்டில் வைப்பது

சேவல் இறகு விறைப்பானது, மேலே நிற்கும், அது பாப்புக்கு. பெட்டைக்கோழி இறகு மென்மையானது, நனைந்து மூழ்கும், அது பாயிண்டுக்கு. இரண்டையும் மாற்றிக் கட்டினால் பாப் முங்கும், பாயிண்ட் மிதக்கும்.

அலை இல்லாத நீரில் அடம்பிடிப்பது

கரை ஏறி, டீ குடியுங்கள்.

படகில் எழுந்து நிற்பது

உட்காருங்கள்.

ஃப்ளையை மாற்றிக்கொண்டே இருப்பது

ஏரியில் என்ன பூச்சி பறக்கிறது என்று பாருங்கள், பிறகு பெட்டியைத் திறங்கள். வசந்தத்தின் தொடக்கத்தில் டக்ஃப்ளை என்ற சிறு கருநிறப் பூச்சி கிளம்பும்போது ஒல்லியான சூட்டி ஆலிவ் ஃப்ளை போதும். மேஃப்ளை காலத்தில் கோல்டன் ஆலிவ் பம்பிள். கோடை மாலையில் கிரீன் பீட்டர். இருட்டும் வரை பொறுக்க வேண்டும். கருநிற உடலின் நடுவே சிவப்புப் பட்டை கொண்ட பிபியோ, மேயோ மாவட்டத்தின் பரிஷூல் நீர்நிலையில் மேஜர் சார்லஸ் ராபர்ட்ஸ் உருவாக்கியது. ஹெதர் புதர்களிலிருந்து காற்றில் அடித்துவரப்படும் சிவந்த கால் பூச்சிக்காகக் கட்டியது என்பதால், காற்று பலமாக இருக்கும் கோடை நாளில் அதைப் பாப்பில் வையுங்கள். மீன் எழும்பியும் கவ்வவில்லை என்றால், முதலில் மூன்று எண்ணினீர்களா என்று பாருங்கள். எண்ணியும் கவ்வவில்லை என்றால் பாயிண்டை மட்டும் மாற்றுங்கள். பாப்பில் இருப்பதை மாலைவரை தொடாதீர்கள்.